சந்தைக் குறிப்புகளைக் காக்கும் கட்டமைப்பு: ஆஸ்ட்ரோ குறித்து ஒரு மதிப்புரை

கொங்கு வட்டாரத்தின் வாரச் சந்தைகளைப் பற்றிய குறிப்புகளை ஈரோட்டிலிருந்து நாங்கள் சிலர் சேர்ந்து ஓர் இணையதளத்தில் தொகுத்து வருகிறோம். ஒவ்வொரு சந்தைக்கும், எளிய குறிகளோடு எழுதப்படும் ஒரு மார்க்டவுன் கோப்பு உண்டு. அதன் தலைப்பகுதியில் ஊர், மாவட்டம், கூடும் கிழமை, விலைபோகும் பொருள்கள், தொடர்பு எண் ஆகிய மீத்தரவுகளும், அதன் கீழே கட்டுரையும் இருக்கும். எழுதுபவர்கள் பலர் என்பதால் கட்டுரையின் நடை ஆளுக்கு ஆள் மாறலாம். ஆனால் மீத்தரவு மாறினால் தேடலும் பட்டியலும் பயனற்றுப் போகும். இத்தகைய கோப்புகளிலிருந்து இணையதளத்தை உருவாக்கித் தரும் மென்பொருள் கட்டமைப்பான ஆஸ்ட்ரோவை நான் மதிப்பதற்கு முதல் காரணம், இந்தத் தலைப்பகுதியை அது பொறுப்போடு காப்பதுதான்.

2023 ஜனவரியில் வந்த இரண்டாம் பதிப்பில் ‘கன்டென்ட் கலெக்‌ஷன்’ என்னும் வசதி அறிமுகமானது. ஒரு தொகுப்பிலுள்ள கோப்புகளின் தலைப்பகுதியில் என்னென்ன புலங்கள் இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் எண்ணா, எழுத்தா, தேதியா என்பதை தரவைச் சரிபார்க்கும் ஜாட் (Zod) நிரலகத்தின் துணையோடு ஒரே இடத்தில் வரையறுத்துவிடலாம். கிழமைப் புலத்துக்கு ஏழு பெயர்களை மட்டுமே அனுமதித்திருக்கிறோம். ஒருவர் ‘வியாழக்கிழமை’ என்றும் இன்னொருவர் ‘வியாழன்’ என்றும் எழுதினால், தளம் உருவாகும் வேலை அங்கேயே நின்று, எந்தக் கோப்பில் எந்தப் புலம் பொருந்தவில்லை என்பது திரையில் வந்துவிடுகிறது. வாசகர் கண்ணில் படுவதற்கு முன்பே பிழை பிடிபடுவது தன்னார்வலர்களை நம்பி நடக்கும் ஒரு தளத்துக்குப் பெரிய ஆதரவு.

இதன் அருமை கோயம்புத்தூரின் எஸ்டிடி குறியீட்டில் நன்றாகத் தெரியும். அதற்கென்று தனிப் புலம் வைத்து, மேற்கோள் குறி இல்லாமல் 0422 என்று எழுதினால், தலைப்பகுதி எழுதப்படும் தரவு வடிவமான யாமல் (YAML) அதை எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். பழைய யாமல் 1.1 விதிப்படி அது எட்டடிமான (எட்டை அடியாகக் கொண்ட) எண்ணாகி 274 ஆகிவிடும், 1.2 விதிப்படி முன்னிருக்கும் சுழியம் உதிர்ந்து 422 ஆகும். எப்படியானாலும் குறியீடு கெட்டுவிடுகிறது. அந்தப் புலம் எழுத்தாகத்தான் இருக்க வேண்டும் என்று வரையறுத்திருந்தால் ஆஸ்ட்ரோ அதை ஏற்க மறுக்கும்; எழுதியவர் மேற்கோள் குறி இட்டதும் சரியாகிவிடும். எண் வந்தாலும் எழுத்தாக மாற்றிக்கொள்ளும் வசதியும் ஜாடில் இருக்கிறது. அதை இங்கே பயன்படுத்தவே கூடாது. அது 422 என்ற தவறான மதிப்பை எந்த எச்சரிக்கையும் இன்றி உள்ளே விட்டுவிடும்.

வரிசைப்படுத்தும் பொறுப்பு முழுக்க நம்முடையது. தொகுப்பிலுள்ள கோப்புகளை ஆஸ்ட்ரோ எந்த வரிசையில் தரும் என்பதற்கு உறுதி கிடையாது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியின் இயல்பான வரிசையாக்கமோ, ஒவ்வொரு எழுத்துக்கும் கணினியில் உள்ள யூனிகோடு எண்ணைப் பார்த்து அந்தியூர், அன்னூர், அவிநாசி என்று அடுக்கும். யூனிகோடு அட்டவணையில் றன்னகரம் (ன) நகரத்துக்கு (ந) அடுத்து அமைந்திருப்பதே இதற்குக் காரணம். தமிழுக்குரிய ஒப்பீட்டு விதியைக் குறிப்பிட்டு வரிசைப்படுத்தினால் அந்தியூர், அவிநாசி, அன்னூர் என்று அகராதி முறைப்படி அமையும். தமிழில் தளம் நடத்துவோர் இதைத் தொடக்கத்திலேயே செய்துவிடுவது நல்லது.

கோப்புப் பெயரிலிருந்தே பக்க முகவரி உருவாகும் ஏற்பாடு வசதியானது. ஆனால் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் இணைய முகவரிக்கான குறியேற்றத்தில் ஒன்பது இடங்களைப் பிடிக்கும் என்பதால், ‘ஈரோடு’ என்ற பெயரே 45 எழுத்துகளாக நீண்டு வாட்ஸ்அப்பில் மிரட்டும். தலைப்பகுதியில், முகவரிக்கான சிறு பெயரைத் தரும் ‘ஸ்லக்’ புலத்தைச் சேர்த்து முகவரியைச் சுருக்கிக்கொள்ளலாம்.

குறைகளும் உண்டு. ‘டிராஃப்ட்’ (வரைவு) என்று குறித்த கோப்பை, இதே வேலையைச் செய்யும் இன்னொரு மென்பொருளான ஹியூகோ தானாகவே விலக்கி வைக்கும். ஆஸ்ட்ரோவில் அந்த வடிகட்டலை நாமே எழுத வேண்டும், மறந்தால் அரைகுறைக் கட்டுரை வெளியே போய்விடும். 2024 டிசம்பரில் வந்த ஐந்தாம் பதிப்பு, மார்க்டவுன் தளங்களை ஐந்து மடங்கு வரை வேகமாக உருவாக்கும் என்று அதன் உருவாக்குநர்கள் கூறுகிறார்கள். எனினும் அந்த வேகத்தைத் தரும் புதிய முறைக்கு மாறுவோர் வரையறைக் கோப்பின் இடத்தையும், பக்கத்தை உருவாக்கும் நிரல் வரிகளையும் மாற்றி எழுத வேண்டியிருக்கிறது. நிரலாளர் ஒருவர் உடனில்லாத குழுவுக்கு இது சுமைதான்.

பிழை அறிவிப்புகள் ஆங்கிலத்தில் வருவதால் எழுதுபவர்கள் திகைத்து நிற்பதும் நடக்கிறது. இதற்கு ஓரளவு வழி இருக்கிறது. ஜாடின் ‘ரீஃபைன்’ வசதியைக் கொண்டு நம்முடைய விதியையும் அதற்குரிய அறிவிப்பையும் தமிழிலேயே எழுதிவிடலாம். ‘கைபேசி எண்ணில் 10 இலக்கங்கள் இருக்க வேண்டும்’ என்று திரையில் தமிழில் வந்தால், எழுதியவர் யாரையும் கேட்காமல் தாமே திருத்திக்கொள்கிறார்.