"தொட்டி அளவுக்குத்தான் சார் மீன் வளரும்" என்று சொல்லும் கடையில் மீன் வாங்காதீர்கள்

சென்னையில் வண்ண மீன் என்றால் கொளத்தூர்தான். அங்கே நல்ல வியாபாரிகளும் நிறைய இருக்கிறார்கள், அதனால் ஊரையே குறை சொல்ல வரவில்லை. நான் மாட்டியது ஒரு கடையில். இரண்டடி தொட்டி, போர் தண்ணீர், பிள்ளைகளுக்கு கப்பி பிடிக்கும், கூட எதை விட்டால் சண்டை வராது என்று தெளிவாகக் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. வலையை எடுத்து கப்பி, டைகர் பார்ப் ரெண்டு, ஏஞ்சல் ஒரு ஜோடி, 'ஷார்க்' ஒரு ஜோடி என்று கவரில் போட்டுக்கொண்டே போனார். "எல்லாம் ஒண்ணா இருக்கும் சார்." ஷார்க் பெரிசாகுமே என்றதற்கு வந்த பதில்தான் தலைப்பில் இருப்பது.

பச்சைப் பொய். அது சுறாவே கிடையாது, பங்காசியஸ் என்கிற கெளுத்தி வகை, மீகாங் ஆற்று மீன். ஆந்திராவில் குளம் குளமாக வளர்த்து ஹோட்டல்களுக்கு பாசா என்று துண்டு போட்டுப் போகிறதே, அதேதான். ஒரு மீட்டருக்கு மேல் வளரும். கூட்டமாகத் திரிகிற மீன், இரண்டடி தொட்டியில் விளக்கைப் போட்டாலே மிரண்டு கண்ணாடியில் முட்டும். எங்கள் வீட்டில் ரெண்டுக்கும் மூக்குத் தோல் உரிந்து வெளுத்துவிட்டது. சின்னத் தொட்டியில் வளர்ச்சி குன்றி, நோய் வந்து, சீக்கிரம் சாவதைத்தான் 'தொட்டி அளவுக்கு வளரும்' என்கிறார்கள்.

டைகர் பார்ப் ஆறேழு சேர்ந்து இருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்திக்கொள்ளும், ரெண்டே ரெண்டு விட்டால் பக்கத்து மீனின் வாலைக் கடிப்பதுதான் வேலை. ஆண் கப்பிகளின் விசிறி வால் கிழிந்து குச்சி குச்சியாக நின்றது. ஏஞ்சலுக்குக் கீழே மீசை மாதிரித் தொங்கும் துடுப்பில் பாதியைக் காணோம். கப்பி போட்ட குஞ்சுகளை அந்த ஏஞ்சல் விழுங்கியது தனிக் கணக்கு.

திரும்பப் போய்க் கேட்டால் "தண்ணி சரியில்ல சார்" என்று மெத்திலீன் ப்ளூ என்கிற நீல நிற மீன் மருந்து பாட்டிலை நீட்டினார், அதுவும் காசுக்கு. கடிபட்ட வாலுக்கு அதை முழுத் தொட்டியில் ஊற்றினால் மீன் கழிவில் வரும் அம்மோனியா என்கிற நஞ்சை ஃபில்டரில் இருந்து கவனித்துக்கொள்ளும் பாக்டீரியாவும் போய்ச் சேரும், அப்புறம் மிச்ச மீனும் மிதக்கும். வாங்கவில்லை. மீனை மாற்றித் தரச் சொன்னதற்கு, உயிருள்ளதுக்கு கேரண்டி இல்லையாம்.

அதே கடையில் ரோஸ், பச்சை என்று கண்ணாடி மீன்களும் இருந்தன, இயல்பில் நிறமில்லாமல் உடம்புக்குள் எலும்பு தெரிகிற மீனுக்கு ஊசியில் சாயம் ஏற்றியவை. அதைப் பார்த்தாலே வாசலோடு திரும்பிவிடலாம்.

முழுசாக வளர்ந்தால் எத்தனை இன்ச், எத்தனை சேர்த்து விடணும், இந்த ரெண்டையும் கேளுங்கள், மழுப்பினால் கிளம்புங்கள். போர் தண்ணீர் கடினமாக இருந்தால் கப்பி, மோலி, பிளாட்டி மூன்றும் பிரச்சினையில்லாமல் ஒன்றாக இருக்கும். பெரிசான மீனை ஏரியில் மட்டும் விடாதீர்கள், தொட்டிக் கண்ணாடியில் பாசி தின்ன வாங்கி விடுகிறோமே, அப்படிப் போன அந்தச் சக்கர் மீன்தான் இன்று மீனவர் வலையில் ஏறி வலையைக் கிழிக்கிறது.

ஷார்க் ரெண்டையும் தோட்டத்தில் பெரிய சிமெண்ட் தொட்டி வைத்திருக்கும் நண்பர் எடுத்துக்கொண்டார். பார்ப்களை அந்தக் கடைக்கே கொடுத்தேன். ஒரு ரூபாய்கூடத் தராமல் வாங்கி, என் கண்ணெதிரிலேயே விற்பனைத் தொட்டியில் விட்டார்.