பாகப்பிரிவினைப் பத்திரம்: கிருஷ்ணகிரியில் ஒரு பத்திர எழுத்தரிடம் எங்கள் அனுபவம்

உயில் எழுதாமலேயே அப்பா காலமாகிவிட்டதால், அவர் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய 3 ஏக்கர் மாந்தோப்பைப் பிரித்துக்கொள்ளக் கிருஷ்ணகிரியில் ஒரு பத்திர எழுத்தரை அணுகினோம். அதற்கு முன் பார்த்த வேறொருவர், தங்கைக்குத்தான் கல்யாணத்தில் சீர் செய்தாயிற்றே, பங்கு வேண்டாமென்று விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். இவரோ, வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும் முன்பே, "உங்க அப்பாவைப் பெத்தவங்க இருக்காங்களா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே இவரைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். எங்கள் பாட்டியை அதுவரை யாருமே கணக்கில் சேர்க்கவில்லை.

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், தாய் ஆகியோருக்கு ஆளுக்கொரு சமபங்கு என்றும், அப்பாவுக்கு முன்பே இறந்த அண்ணனின் குடும்பத்துக்குச் சேர்த்து ஒரு பங்கு என்றும் விளக்கிய அவர், பழைய நகல் ஒன்றின் பின்புறத்தில் ஆறு கட்டங்கள் வரைந்தார். அம்மா, பாட்டி, நான், தம்பி, தங்கை ஆகிய ஐவருக்கும் 50 சென்ட் வீதம். ஆறாவது கட்டத்தை மட்டும் மூன்றாகக் கோடிட்டு அண்ணிக்கும் இரு குழந்தைகளுக்கும் ஆளுக்கு 18இல் ஒரு பங்கு என்று குறித்தார். குழந்தைகள் மைனர் என்பதால், நீதிமன்ற அனுமதியின்றி அவர்கள் பங்கை அண்ணி எவருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது என்பதையும் அண்ணியின் எதிரிலேயே சொன்னார். பூர்வீகச் சொத்தாக இருந்திருந்தாலும், 2005ஆம் ஆண்டுத் திருத்தமும் 2020ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை தருவதால், தங்கையை ஒதுக்கியிருக்க முடியாதாம்.

ஆவணங்களைப் படிப்பதிலும் பொறுமைசாலி. நிலத்தின் முந்தைய உரிமையைக் காட்டும் 1962ஆம் ஆண்டுத் தாய்ப்பத்திரத்தில் சேலம் ஜில்லா என்றும், அப்பாவின் கிரயப் பத்திரத்தில் தர்மபுரி மாவட்டம் என்றும் இருந்ததைக் கண்டு நாங்கள் கலங்கினோம். 1965இலும் 2004இலும் மாவட்டங்கள் பிரிந்ததைச் சொல்லி, சர்வே எண்ணை வில்லங்கச் சான்றோடு ஒப்பிட்டுக் காட்டினார்.

குறைகளும் உண்டு. எழுத்துக் கூலியை முதலிலேயே சொல்லவில்லை. வரைவில் உட்பிரிவு எண் ஒன்று தவறாக இருந்ததைத் தம்பிதான் கண்டுபிடித்தான். பெருவிரலில் மையோடு பாட்டி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்; வயதானவர்களுக்கு ஒரு நாற்காலியாவது போட்டிருக்க வேண்டும். பத்திரம் பதிவாகிவிட்டது, உட்பிரிவுப் பட்டாவுக்கு நில அளவர் வந்து அளக்க வேண்டியதுதான் பாக்கி.