ஆசிட்-பேஸ் பாடம்: லெக்சரா, ஃபிளிப்டு கிளாஸா?

பிசியாலஜியில் ஆசிட்-பேஸ் (ரத்தத்தின் அமில-காரச் சமநிலை) பகுதியை எங்கள் பேட்ச்சுக்கு லெக்சராக எடுக்கவில்லை. பன்னிரண்டு நிமிட வீடியோக்கள் மூன்று, மூன்று நாள் முன்னதாகவே வந்துவிட்டன. பார்த்துவிட்டுப் போனால் வகுப்பில் கணக்கும் கேஸும் மட்டும்தான். இதுதான் ஃபிளிப்டு கிளாஸ்.

நான் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் எம்பிபிஎஸ் சேர்ந்தவள். லெக்சர் ஹாலில் 250 பேர். ஒரு வார்த்தைக்கு அர்த்தம் யோசிப்பதற்குள் மேடம் இரண்டு ஸ்லைடு தாண்டியிருப்பார். "மறுபடி சொல்லுங்க மேடம்" என்று கேட்க எனக்குத் துணிவு வந்ததே இல்லை. வீடியோவை நிறுத்தலாமே! 'காம்பன்சேஷன்' (உடல் ஈடுகட்டுவது) வரும் இடத்தை ஐந்து முறை ஓட்டிப் பார்த்து, பக்கத்திலேயே தமிழில் எழுதி வைத்துக்கொண்டேன். பயமில்லாமல் நான் போன முதல் வகுப்பு அது.

எட்டு பேருக்கு ஒரு ரிப்போர்ட் கொடுத்தார்கள். நோயாளிக்குச் சர்க்கரை 480. மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்குகிறது. பிஹெச் 7.22, அதாவது ரத்தம் அமிலமாகியிருக்கிறது; அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் 8, கார்பன் டை ஆக்சைடு 20, சோடியம் 132, குளோரைடு 94. சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்தால் ஆனியன் கேப் 30, மிக அதிகம்; ரத்தத்தில் கூடுதல் அமிலம் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். நுரையீரல் சரியாக ஈடுகட்டினால் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு இருக்க வேண்டும் என்று பார்க்க, பைகார்பனேட்டை 1.5-ஆல் பெருக்கி 8 கூட்டினால் 20. ரிப்போர்ட்டிலும் அதே 20. நுரையீரல் அமிலத்தை ஈடுகட்டத்தான் அப்படி இரைக்கிறது என்று குழுவில் சொன்னது நான். மேடம் எங்கள் மேஜைக்கு வந்து, "அப்போ அந்த மூச்சைக் குறைக்க மருந்து கொடுக்கலாமா?" என்றார். கொடுத்தால் கார்பன் டை ஆக்சைடு தேங்கி ரத்தம் இன்னும் அமிலமாகிவிடும்! அந்தக் கேள்வி லெக்சரில் என்னிடம் வந்திருக்கவே வந்திருக்காது.

எல்லாப் பாடமும் இப்படி அமையவில்லை. அதே வாரம் இன்னொரு துறை 55 நிமிட வீடியோவை முந்தைய இரவு ஒன்பது மணிக்குப் போட்டது. ஸ்லைடை அப்படியே வாசித்த ஒலிப்பதிவு. ஹாஸ்டல் வைஃபையில் அது ஓடவே இல்லை. பாதிப் பேர் பார்க்காமல் வந்ததால், அவர்களுக்காகப் பாடத்தை மறுபடி நடத்தியதிலேயே நேரம் போய்விட்டது.

அனாடமியில் வரும் பிரேக்கியல் பிளெக்ஸஸை (கைக்குப் போகும் நரம்புப் பின்னல்) மட்டும் தயவுசெய்து வீடியோவாக்க வேண்டாம். சி5 முதல் டி1 வரை நரம்பு வேர் வேராகச் சார் கலர் சாக்பீஸில் வரைய, கூடவே நாங்களும் வரைந்தோம். கண்ணை மூடிக்கொண்டும் இப்போது வரைவேன்.

ஆசிட்-பேஸ் வகுப்புக்கு 5-க்கு 4.5. வீடியோவை டவுன்லோட் செய்யும்படி போட்டால் மீதி அரையும் தருவேன். ஊருக்குப் போகும் பஸ்ஸில் சிக்னல் கிடைப்பதில்லை.