வெள்ளிக்கு டச் பார்க்கத் தெரிஞ்சவன் ரூ.1,86,500 விட்ட கதை

நேத்து மத்தியானம்தான் பொண்ணை ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்குக் கூட்டியாந்தோம். அவ தூங்கறா. எனக்குத் தூக்கம் வரல, அதான் எழுதறேன். ரூ.1,86,500. பாதி சீட்டு எடுத்த பணம், பாதி மச்சான்கிட்ட வாங்கின கடன். ஆப் பேரு போடல, வேணாம்னு வக்கீல் சொல்லிட்டார். ஜோசியர்களை வரிசையா நிறுத்தி, பேசற நிமிஷத்துக்கு இவ்வளவுன்னு காசு புடிக்கிற ஆப். விளம்பரம் உங்க போன்லயும் வந்திருக்கும்.

எனக்கு சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறை. பதினோரு வயசுப் பொண்ணுக்கு ரெண்டு வருஷமா வலிப்பு. மாத்திரை போட்டும் மூணு நாலு மாசத்துக்கு ஒரு தடவை வரும். எங்கம்மா ஓடி வந்து அவ கையில சாவிக்கொத்தைத் திணிப்பாங்க. ரெண்டு நிமிஷத்துல அடங்கிரும். "பாத்தியா, இரும்பு பட்டதும் நின்னுருச்சு"ன்னு எங்கம்மா சொல்லுவாங்க. வலிப்பு பெரும்பாலும் ரெண்டு மூணு நிமிஷத்துல தானா நின்னுரும், சாவி இருந்தாலும் இல்லாட்டியும். டாக்டர் இதை உக்கார வெச்சு எனக்குப் புரிய வெச்சது முந்தாநாள்தான்.

ஆப்ல அந்த குருஜிகிட்ட பேசினது ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு. எடுத்த உடனே, "குழந்தைக்கு நோவு தலையில இருக்கு, ராத்திரில வருது, தாய்வழில ஒரு குறை இருக்கு"ன்னார். எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. பேர், நட்சத்திரம், என்ன பிரச்சினைன்னு அரை மணி முன்னாடி நானே அந்த ஆப்ல டைப் பண்ணிக் கொடுத்தது அப்போ ஞாபகமே வரல. பேசிப் பேசியே அங்க ரூ.6,500 போச்சு. அப்புறம் தனி நம்பர் கொடுத்து, "ஆப்காரன் கமிஷன் அடிக்கிறான், நேரா பேசலாம் சாமி"ன்னார். அதுலயும் எனக்கு அவர் மேல மரியாதைதான் கூடுச்சு.

முதல் ஹோமம் ஏற்காட்ல, வாடகைக்கு எடுத்த ஒரு பங்களாவுல. இருபது கொண்டை ஊசி வளைவுலயும் பொண்ணு வாந்தி எடுத்துக்கிட்டே வந்தா. முதல்ல சேர்வராயன் கோயிலுக்குப் போயி, குகைக்குள்ள குனிஞ்சு கும்பிட்டு வாங்கன்னு அனுப்பினார். கும்பிட்டுட்டு வெளிய வந்தா பனி, காத்து, மனசு அப்படியே இளகிக் கிடக்கு. கெட்டிக்காரத்தனம் பாருங்க, சேர்வராயன் மேல எனக்கு இருந்த பக்தியை அவர் கணக்குல வரவு வெச்சுக்கிட்டார். பங்களாவுக்கு வந்ததும் பொண்ணு தலையில கை வெச்சு, "இது என் கொழந்தைங்க, எனக்கு வுட்ருங்க"ன்னார். என் வீட்டுக்காரி அழுதுட்டா. நானுந்தான். கத்தியால எலுமிச்சம்பழத்தை அறுத்தார், ரத்தமா வழிஞ்சுது. ரூ.54,000.

அதோட ஒரு வெள்ளித் தகடு, மஞ்சத்துணியில சுத்தி, அரக்கு வெச்சு மூடினது. ரூ.36,000. "பிரிக்கவே கூடாது, பிரிச்சா சக்தி போயிரும்"னார். ஒரு கிராம் வெள்ளி வந்தாக்கூட உரைகல்லுல உரசி, எத்தனை டச், அதாவது எவ்வளவு சுத்தம்னு பாக்காம பட்டறைக்குள்ள விடமாட்டேன் நான். அப்பேர்ப்பட்டவன் அந்தத் துணியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டேன்.

மூணு மாசம் வலிப்பு வரல. மாத்திரையும் தவறாம கொடுத்துட்டுதான் இருந்தோம், ஆனா பேர் பூராவும் தகடு வாங்கிக்கிச்சு.

அப்புறம் ரெண்டாவது ஹோமம், ரூ.90,000. 48 நாள் விரதம். அதுலதான், "மாத்திரை சூடு சாமி, உள்ள இருந்தா மந்திரம் ஏறாது, நிறுத்துங்க"ன்னார். நிறுத்தினேன். நான்தான் நிறுத்தினேன், அதை மறைக்கல. பத்தொம்பதாவது நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சுது. சாவிக்கொத்து கொடுத்தாச்சு, தகட்டை நெஞ்சுல வெச்சாச்சு, நிக்கல. உதடு நீலமாயிருச்சு. 108 வந்து சேர்ற வரைக்கும் ஓடிக்கிட்டே இருந்துது. வலிப்பு மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா இப்படி நிக்காத வலிப்பு வரும்னும், அஞ்சு நிமிஷம் தாண்டினாலே உயிருக்கு ஆபத்துன்னும் டாக்டர் சொன்னார். அவர் என்னைத் திட்டவே இல்ல. திட்டியிருந்தா தேவலாம்.

ஐசியூ வாசல்லேர்ந்தே குருஜிக்குப் போன் போட்டேன். ஏழாவது தடவை எடுத்தார். "உங்க நம்பிக்கைல எங்கயோ ஓட்டை விழுந்திருக்கு சாமி. சந்தேகப்பட்டீங்களா?" இப்போ நினைச்சாலும் வயிறு எரியுது, அந்த நிமிஷம் நான் நிஜமாவே யோசிச்சேன், என்னைக்கு சந்தேகப்பட்டோம்னு! பலிச்சா அவர் மந்திரம், பலிக்காட்டி என் நம்பிக்கை சரியில்ல. எங்க பட்டறையில வேலை கெட்டுப்போனா "கொலுசு போட்டவங்க காலு சரியில்ல"ன்னு சொல்ல முடியுமா? மறுநாள் நம்பரை பிளாக் பண்ணிட்டார்.

ஆப்காரங்ககிட்ட எழுதினேன். "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது, 72 மணி நேரத்தில் தொடர்புகொள்வோம்"னு வந்துது. நாலாவது நாள் வந்த பதில், "ஆப்புக்கு வெளியே நடந்த பணப் பரிமாற்றத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல". சரி, ஆப்புக்கு உள்ள போன ரூ.6,500? "ஆலோசனை முழுமையாக வழங்கப்பட்டுள்ளது." ஒவ்வொரு பதிலுக்கும் கீழ ஒரு கும்பிடு பொம்மை வேற.

நேத்து சாயங்காலம் பட்டறைக்குப் போயி அரக்கை உடைச்சேன். கல்லுல உரசி ஆசிட் விட்டேன். வெள்ளியா இருந்தா அது மேல உப்புத்தண்ணி விட்டதும் பால் திரிஞ்ச மாதிரி வெளுக்கும். வெளுக்கல, பச்சையா ஓடிருச்சு. ஜெர்மன் சில்வர். பேருதான் சில்வர், செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த சமாச்சாரம், வெள்ளி ஒரு பொட்டு கிடையாது. பூந்திக்கொட்டைத் தண்ணியில கை கழுவிட்டு ரொம்ப நேரம் அங்கயே உக்காந்திருந்தேன்.

எலுமிச்சம்பழ ரத்தத்தை எங்க பெரியப்பா தீர்த்து வெச்சார். 1971-ல சேலத்துல நடந்த மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டுக்குப் போனவர், பழைய கருப்புச்சட்டை. ஒண்ணும் பேசல. வாசல்ல நின்ன செம்பருத்தியைப் பறிச்சு கத்தியில அழுத்தித் தேச்சார், காய விட்டார், பழத்தை அறுத்தார். அதே ரத்தம். பூவோட சாயம் புளிப்பு பட்டா செவக்குமாம். ஆலத்துல மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து செவக்கறதை கல்யாணத்துக்குக் கல்யாணம் பாத்தவன்தானே நானு!

பெரியப்பா மாதிரி நான் மாறிட்டேன்னு நினைக்காதீங்க. ஆடி வந்தா கோட்டை மாரியம்மனுக்குப் போவேன். கஞ்சமலை சித்தர் கோயில்ல மரு உதிரணும்னு சனம் உப்பும் மிளகும் வாங்கிப் போடுது, சில்லறைக் காசுல முடியுது, அங்க யாரும் என்னை மாத்திரையை நிறுத்தச் சொன்னதில்ல.

என்ன செய்யணும்னு விலாவாரியா எழுதலாம்னு உக்காந்தேன், பொண்ணு முழிச்சுட்டா, சுருக்கமா சொல்லிடறேன். சாமி பேரால எவன் மாத்திரையை நிறுத்தச் சொன்னாலும் எந்திரிச்சு வந்துருங்க. பிரிக்காதேன்னு கொடுத்தா முதல்ல பிரிங்க. ஆன்லைன்ல பணம் போயிருச்சுன்னா அப்பவே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 நம்பருக்கு அடிங்க, சீக்கிரம் சொன்னா போற வழியிலேயே முடக்கப் பார்ப்பாங்க. நான் மாசக்கணக்குல லேட். தாயத்து, மந்திரம், கவசத்தால நோய் தீரும்னு விளம்பரம் பண்றதுக்கு எதிரா 1954-லேர்ந்தே மத்திய சட்டம் இருக்கு, அதுல சொல்லியிருக்கிற நோய்ப் பட்டியல்ல வலிப்பும் உண்டுன்னு வக்கீல் காட்டினார். புகார்ல அதையும் சேத்திருக்கோம். வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, கையிலயோ வாயிலயோ எதையும் திணிக்காதீங்க, மணி பாருங்க.

ஆப்ல அந்த ஆளுக்கு இன்னிக்கும் 4.9 ஸ்டார். நான் ஒரு ஸ்டார் போட்டு நடந்ததை எழுதினேன். "உங்கள் கருத்து பரிசீலனையில் உள்ளது"ன்னு காட்டுது, கீழ அதே கும்பிடு பொம்மை.