ரஸ்ட் மொழி: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

சி++ மொழியில் நெடுங்காலம் சர்வர் நிரல்களை எழுதிவிட்டு ரஸ்ட்டுக்கு மாறியவன் நான். நிரலாளரின் பிழைகளைத் தடுப்பது மொழியின் வேலைதான் என்றே இன்று கருதுகிறேன். ஆனால் கண்ணால் படித்துப் பிடிக்க முடியாத பிழைகளுக்கே அதில் முதலிடம் தர வேண்டும்.

வெக்டர் என்ற வளரக்கூடிய பட்டியலின் உறுப்புகளை ஒவ்வொன்றாக வாசிக்கும் லூப்புக்குள்ளேயே அதில் புதிய உறுப்பைச் சேர்த்தால் சி++ கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) மறுப்பேதும் சொல்வதில்லை. இடம் போதாமல் அந்த வெக்டர் நினைவகத்தில் வேறிடத்துக்கு நகரும்போதுதான், பழைய முகவரியையே வாசித்துக்கொண்டிருக்கும் நிரல் சரிகிறது. சிறிய தரவோடு சோதித்தபோது எல்லாம் ஒழுங்காகவே ஓடியிருக்கும். ரஸ்ட்டில் அந்த வரி கம்பைல் ஆகாது. தொடக்க மாதங்களில் இத்தகைய வரிகளை மறுக்கும் கம்பைலர் பகுதியான பாரோ செக்கரோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எனினும் முழுப் பயன் தெரிவது பழைய நிரலைத் திருத்தும்போதுதான். நிலுவை, முடிந்தது, தோல்வி என்றிருந்த கட்டண நிலைகளோடு 'பகுதி திருப்பியளிப்பு' என்ற ஒன்றைச் சேர்த்தவுடன், அதைக் கவனிக்காத ஒவ்வொரு மேட்ச் பகுதியையும் (ஒவ்வொரு நிலைக்கும் என்ன செய்வது என்று எழுதும் இடம்) கோப்புப் பெயர், வரி எண்ணோடு கம்பைலர் காட்டிக்கொடுத்தது. 'மற்றவை எல்லாம்' என்ற பொருளில் யாரோ அடிக்கோட்டுக் குறி (_) இட்டிருந்த இடங்களில் மட்டும் அது வாய் திறக்கவில்லை. அதன்பின் எங்கள் குழுவில் அந்த அடிக்கோட்டைக் காரணம் கேட்காமல் யாரும் ஏற்பதில்லை.

ஒரு வகை எண்ணை இன்னொரு வகையாக மாற்றும் 'ஆஸ்' என்ற குறிச்சொல்தான் எனக்குப் பிடிபடாத விதிவிலக்கு. மாறியில் இருக்கும் 300-ஐ 8 பிட் குறியற்ற எண்ணாக (0 முதல் 255 வரை மட்டுமே கொள்வது) மாற்றச் சொன்னால், ஓர் எச்சரிக்கைகூட இல்லாமல் 44 வந்து நிற்கிறது. இவ்வளவு கண்டிப்பான மொழியில் இதை எப்படி அனுமதித்தார்கள்?

பிழையைக் கண்டுபிடித்துவிட்டால் மட்டும் போதாது என்பதற்கு 1996-இல் வெடித்த ஏரியேன் 5 ராக்கெட் சான்று. 16 பிட்டுக்குள் எண் அடங்கவில்லை என்பது அதன் ஏடா மொழி நிரலுக்குத் தெரிந்தது. அந்நிலையைக் கையாள ஏற்பாடு இல்லாததால் வழிகாட்டும் கணினிகள் இரண்டும் நின்றுபோயின. ரஸ்ட்டில், பிழை வந்தால் என்ன செய்வது என்று எழுதாமல் மதிப்பை நேரடியாக எடுக்கும் அன்ராப்பைச் சோம்பலாக எழுதினால், பிழை வரும்போது அதுவும் ஓடும் பணியை அப்படியே நிறுத்திவிடும். டெட்லாக்கையும் (பணிகள் ஒன்றுக்கொன்று காத்திருந்து முடங்குவது) நினைவகக் கசிவையும் (பயன்படுத்தி முடித்த நினைவகம் விடுவிக்கப்படாமல் போவது) இம்மொழி தடுப்பதாக உறுதி தருவதில்லை.

பல ஆண்டுகள் ஓட வேண்டிய சர்வர் பணிகளுக்கு இதையே தேர்ந்தெடுக்கிறேன். ஒருநாள் பயன்படும் ஸ்கிரிப்டுகளை இப்போதும் பைத்தானில்தான் எழுதுகிறேன்.