காரைக்குடியில் ஹெட்லைட்டுக்கு ஒட்டிய பாதுகாப்பு ஃபிலிம்: ஒரு மதிப்பீடு

புதுக்கோட்டைப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து ஜல்லி ஏற்றிவரும் டிப்பர் லாரிகளுக்குப் பின்னால் திருமயம், காரைக்குடி, தேவகோட்டை என்று அடிக்கடி போய்வருகிறவர்களின் கார்களைச் சற்றுக் குனிந்து பார்த்தால், ஹெட்லைட் லென்ஸ் முழுவதும் நுண்ணிய குழிகள் விழுந்திருப்பது தெரியும். இந்த வட்டாரத்தில் இன்னொரு வகைக் கேடும் உண்டு. குடும்பம் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுப்பதற்காக வீட்டு வாசலில் நிறுத்திவைத்த கார்கள் ஓடாமலேயே வெயிலில் நின்று லென்ஸ் மஞ்சளித்துப் போகின்றன. கானாடுகாத்தான், பள்ளத்தூர்த் தெருக்களில் அப்படிப்பட்ட கார்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் பெருமளவுக்குத் தடுத்திருக்கக்கூடிய சேதம் அது.

பழைய அம்பாசிடர் காலத்து ஹெட்லைட் கண்ணாடியால் ஆனது. இப்போதைய லென்ஸ் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். கல் பட்டால் எளிதில் உடையாது என்பது அதன் பலம், மேற்பரப்பு மென்மையானது என்பதும் புற ஊதாக் கதிரால் சிதையும் என்பதும் அதன் பலவீனம். அதனால்தான் தொழிற்சாலையிலேயே சில மைக்ரான் கனத்தில் ஒரு கடினப் பூச்சு பூசி அனுப்புகிறார்கள். செம்மண் புழுதியும் பொடிக்கல்லும் வெயிலும் சேர்ந்து அந்தப் பூச்சைத் தேய்த்துவிட்டால், அதற்குப் பிறகு மஞ்சளிப்பு வேகமாகிவிடுகிறது.

கல்லூரிச் சாலைப் பக்கம் உள்ள ஒரு கார் டீட்டெய்லிங் (காரைச் சுத்தம் செய்து மெருகேற்றும்) கடையில் என் காரின் இரண்டு லென்ஸுக்கும் டிபியு என்ற நெகிழ்வான பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டினேன். ஏறக்குறைய 3,000 ரூபாய் ஆயிற்று. 200 மைக்ரான் கனமுள்ள, நிறமில்லாத ஃபிலிம் அது. இதைவிட மலிவான பிவிசி ஃபிலிமும் அங்கே இருந்தது, ஆனால் அது நம் ஊர் வெயிலில் சீக்கிரம் மஞ்சளித்து, உரிக்கும்போது பசையை லென்ஸிலேயே விட்டுவிடும் என்று கடைக்காரரே சொன்னார். புகைநிற ஃபிலிம் கேட்டு வந்த ஓர் இளைஞரிடம், இரவில் வெளிச்சம் குறையும், வேண்டாம் தம்பி, என்று அவர் மறுத்ததையும் பார்த்தேன். வியாபாரத்தை விட்டுக்கொடுத்துச் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகவே இந்தக் கடையைப் பற்றி எழுதத் தோன்றியது.

வேலை நிதானமாக நடந்தது. லென்ஸைக் கழுவி, ஒட்டியிருந்த தார்ப் புள்ளிகளைக் க்ளே பார் என்ற, களிமண் போல மிருதுவான கட்டியால் எடுத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்த பிறகே ஃபிலிமைத் தொட்டார்கள். ஷாம்பு கலந்த தண்ணீரைத் தெளித்து ஃபிலிமை நகர்த்திப் பொருத்தி, வளைவுகளில் ஹீட் கன் காட்டி இழுத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளினார்கள். முதல் சில நாள்கள் தெரிந்த மங்கலான ஈரத் திட்டுகள் தானாகவே மறைந்தன. இரவில் வெளிச்சம் குறைந்ததாகத் தெரியவில்லை. துணியால் துடைக்கும்போது விழும் மெல்லிய கோடுகள் வெயில் சூட்டில் மறைந்துவிடுகின்றன. பொடிக்கற்களின் அடியை ஃபிலிம் ஏற்றுக்கொள்கிறது. பெரிய கல் வேகமாக வந்து மோதினால் அதைத் தடுக்கும் சக்தி இதற்கு இல்லை.

குறை ஒன்று உண்டு. பானட்டை ஒட்டிய மேல் ஓரத்தில் ஃபிலிமை உள்ளே மடிக்காமல் விளிம்போடு வெட்டியதால், அங்கே செம்மண் படிந்து ஒரு சிவப்புக் கோடு தெரிகிறது. கொடுத்த பணத்துக்கு அந்த ஓரத்தில் இன்னும் கவனம் காட்டியிருக்கலாம்.

மஞ்சளித்த லென்ஸின் மேல் அப்படியே ஃபிலிம் ஒட்டுவதில் பயனே இல்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். என் அண்ணனின் பழைய காரை அங்கே கொண்டுபோனபோது, 800 முதல் 3000 வரையிலான எண்களில் (எண் கூடக் கூட நைஸாகும்) வாட்டர் பேப்பரால் படிப்படியாகத் தேய்த்துப் பாலிஷ் போட்ட பிறகே ஒட்டினார்கள். அப்படித் தேய்த்ததும் தொழிற்சாலைப் பூச்சு முழுதாகப் போய்விடுவதால், ஃபிலிமோ புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சோ கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் சில மாதங்களில் பழைய மங்கல் திரும்பிவிடும். டூத்பேஸ்ட் தேய்ப்பதும் இதே கதைதான். பெட்ரோலையும் தின்னரையும் கொண்டு துடைப்பது அதைவிட மோசம், பாலிகார்பனேட்டில் அவை நுண்விரிசலை உண்டாக்கும்.

லென்ஸின் உட்புறம் பனி போலப் படியும் ஈரத்துக்கும் இந்த ஃபிலிமுக்கும் தொடர்பில்லை. மழையிலோ கழுவிய பிறகோ லேசாகப் படிந்து, விளக்கை எரியவிட்டதும் மறைந்தால் கவலை வேண்டாம். தண்ணீர் தேங்கி நின்றால் சீல் விட்டிருக்கும், அல்லது பின்புற ரப்பர் மூடி இருக்காது. விசிறி வைத்த எல்இடி பல்பு மாட்டுகிற சிலர் இடம் போதவில்லை என்று அந்த மூடியைக் கழற்றி எறிந்துவிடுவதால், ஃபிலிமுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் பானட்டைத் திறந்து அதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

முன்கூட்டியே சொல்லிவிட்டுக் காலையிலேயே போனால் மதியத்துக்குள் காரைத் தந்துவிடுகிறார்கள். தேய்த்துப் பாலிஷ் போட வேண்டிய லென்ஸ் என்றால் மாலையாகிவிடும். ஒட்டிய முதல் வாரம் பிரஷர் வாஷ் கூடாது, அதன் பிறகும் தண்ணீர்க் குழாயை ஃபிலிமின் ஓரத்துக்கு நேராகப் பிடிக்கக் கூடாது.