ஃபீனிக்ஸ்: சாண்ட்லரில் சொந்த வீடா, ரயில் பாதையோரம் வாடகை ஃபிளாட்டா?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் 2019 முதல் ஐந்து வருடம் சொந்த வீட்டில் இருந்தோம். 2024 வசந்தத்தில் அதை விற்றுவிட்டு, ஃபீனிக்ஸ் நகருக்குள் சென்ட்ரல் அவென்யூ பக்கம் ஒரு வாடகை ஃபிளாட்டுக்கு வந்துவிட்டோம். எங்களுக்குத் தெரிந்த எல்லோரும் முதலில் ஃபிளாட், அப்புறம் வீடு என்றுதான் போனார்கள். நாங்கள் தலைகீழாக வந்ததால், கடன் ஏதாவது கழுத்தை நெரிக்கிறதா என்று ஒருவர் தனியாகக் கூப்பிட்டே விசாரித்தார். கடன் இல்லை. காரணம் கூரைமேல் இருந்தது. அதற்கு வருகிறேன்.

முதலில் ஊரின் அளவு. ஃபீனிக்ஸ் நகர எல்லை மட்டும் சுமார் 1,340 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சி 426. அதாவது சென்னையைப் போல மூன்று மடங்கு இடத்தில், சென்னையில் இருப்பவர்களில் கால்வாசிப் பேர், சுமார் 16 லட்சம். இதைச் சுற்றி மேசா, சாண்ட்லர், கில்பர்ட், ஸ்காட்ஸ்டேல், கிளெண்டேல் என்று ஊர்கள் இடைவெளியே தெரியாமல் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. எல்லாம் சேர்ந்ததைத்தான் இங்கே 'வேலி' என்கிறார்கள், பள்ளத்தாக்கு என்ற பொருளில். எந்தப் பக்கம் குடியேறுகிறோம் என்பதைப் பொறுத்து இது முற்றிலும் வேறு வேறு ஊராகிவிடுகிறது.

சாண்ட்லரின் நல்ல குணங்களை நீட்டி முழக்கத் தேவையில்லை. இன்டெல் அங்கே இருக்கிறது, பள்ளிகள் நன்றாக இருக்கின்றன, நம்மவர்கள் நிறைய. 2,200 சதுர அடி வீடு, இரண்டு கார் நிற்கும் கராஜ், பின்னால் கொஞ்சம் மண். அந்த மண்ணில் வைத்த முருங்கை இரண்டே வருடத்தில் கூரை உயரம் வந்தது. கறிவேப்பிலைக்குக் குளிர்காலத்தில் போர்வை போர்த்த வேண்டும், முருங்கைக்கு இந்த வெயில் மாமியார் வீட்டு விருந்து. இன்றும் அந்த மரத்தை நினைத்தால் மனம் இளகும். ஃபிளாட்டில் இருப்பது பால்கனித் தொட்டியில் ஒரு துளசி.

இனி கூரை விஷயம். இங்கே பல வீடுகளில் ஏசி என்பது சுவரில் மாட்டிய பெட்டி அல்ல. முழு வீட்டுக்கும் ஒரே யூனிட், பல வீடுகளில் அது கூரைமேல் உட்கார்ந்திருக்கும். எங்கள் வீடு 2004இல் கட்டியது, யூனிட்டும் அதே வயது. வாங்கும்போது சோதித்தவர் "ஓடுகிறது, ஆனால் பழசு" என்று எழுதிக் கொடுத்தார். வீட்டு விலையைப் பார்த்த மயக்கத்தில் அந்த வரியை நாங்கள் படித்ததோடு சரி.

2020 ஜூலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அது நின்றது. வெளியே 114 டிகிரி ஃபாரன்ஹீட், செல்சியஸில் 45க்கு மேல். இரண்டு மணி நேரத்தில் வீட்டுக்குள் 90ஐத் தாண்டிவிட்டது. சுவரைத் தொட்டால் அடுப்பு அணைத்த சட்டி மாதிரி இருந்தது. குளிர்ந்த தண்ணீர்க் குழாயைத் திறந்தாலும் வெந்நீர்தான், அது இங்கே வழக்கம். யாரைக் கூப்பிட்டாலும் புதன்கிழமைதான் ஆள் வரும் என்றார்கள், ஏனென்றால் அதே வாரம் ஊரில் பாதி யூனிட் படுத்திருந்தது. கொரோனா காலம் வேறு. கில்பர்ட்டில் மச்சினன் வீடு பதினைந்து நிமிடத்தில் இருந்தும் அங்கே போய்ப் படுக்க முடியவில்லை. மூன்று இரவு ஹோட்டல்.

வந்தவர் பத்து நிமிடத்தில் விஷயத்தைச் சொல்லிவிட்டார்: ஏசியின் குளிரூட்டும் வாயு கசிகிறது, அது ஆர்-22 என்கிற வகை. அந்த வாயுவைத் தயாரிக்கவும் இறக்குமதி செய்யவும் அமெரிக்காவில் அந்த வருடம் ஜனவரி 1 முதல்தான் தடை வந்திருந்தது. கையிருப்பில் இருந்ததை எடுத்து நிரப்பலாம், தங்க விலை; நிரப்பினாலும் திரும்பக் கசியும். ஆக, 5 டன் புது யூனிட், அதைக் கூரைக்குத் தூக்க ஒரு கிரேன், எல்லாம் சேர்த்துப் பதினோராயிரம் டாலர் சொச்சம். மகளின் கல்லூரிக்கென்று வைத்திருந்த பணத்தில் கை வைத்தோம்.

சரி, புதுசு போட்டாயிற்றே, பத்துப் பன்னிரண்டு வருடம் நிம்மதி என்றுதான் நானும் நினைத்தேன். மூன்றாவது கோடையில் கெப்பாசிட்டர் போயிற்று. சின்ன சாமான், ஆனால் அது போனால் மொத்த யூனிட்டும் நிற்கும், வெயில் ஏற ஏற அதன் ஆயுள் குறையும். அனுபவசாலிகள் ஒன்றைக் கைவசம் வாங்கி வைத்திருப்பார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பருவமழை நாட்களில் 'ஹபூப்' என்கிற புழுதிச் சுவர் எழுந்து வரும். அடுத்த நாள் வடிகட்டியைக் கழற்றினால் கோணிப்பை மாதிரி இருக்கும். அதை மாதாமாதம் மாற்ற வேண்டும், வெளிப்பக்கச் சுருளைக் கழுவ வேண்டும், தண்ணீர் வடியும் குழாயை ஊதிவிட வேண்டும். மின்சாரத்துக்கு எங்கள் திட்டத்தில் மாலை 4 முதல் 7 வரை விலை அதிகம். அதற்கு முன்பே வீட்டை 74க்கு இறக்கிவைத்து, 4 மணிக்கு 80க்கு ஏற்றிவிட்டு, மூன்று மணி நேரம் யாரும் அடுப்பைப் பற்றவைக்காமல் இருப்போம். இவ்வளவும் செய்து ஆகஸ்ட் பில் 380 டாலர்.

பணமும் வேலையும்கூடப் பரவாயில்லை. 2023 ஜூலைதான் முடிவை எடுக்க வைத்தது. தொடர்ந்து 31 நாள் 110 டிகிரிக்குக் குறையவில்லை. ஒரு நாள் இரவின் மிகக் குறைந்த வெப்பமே 97, அதாவது 36 செல்சியஸ். பகலில் கான்கிரீட்டும் தாரும் குடித்த சூட்டை இரவு முழுக்கத் திருப்பிக் கொடுத்தன. யூனிட்டுக்கு ஓய்வே இல்லை. நான் இரவு இரண்டு மணிக்கு விழித்து, கூரைமேல் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பேன். சத்தம் சற்று மாறினால் எழுந்து தெர்மோஸ்டாட்டைப் பார்ப்பேன். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் வந்த வீடு போலத்தான். இரண்டாவது வாரத்தில் மனைவி சொன்னாள்: "நீங்க இந்த வீட்டுக்கு ஓனர் இல்ல, வாட்ச்மேன்."

இப்போது இருப்பது ஐந்து மாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடி. மேலே, கீழே, இரண்டு பக்கமும் ஆட்கள். எங்களுடைய வெளிச்சுவர் ஒன்றே ஒன்று, அதுவும் வடக்குப் பார்த்தது. அதே ஆகஸ்டில் பில் 120 டாலருக்குள் முடிகிறது. பரப்பளவு பாதிதான் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். போன ஜூனில் இங்கேயும் ஏசி நின்றது. கட்டடத்தின் ஆபீஸுக்கு போன் செய்தோம். சாயங்காலத்துக்குள் உருட்டிக்கொண்டு வரும் சின்ன ஏசி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள், மறுநாள் சரியாயிற்று. நல்ல மனசு என்பதால் மட்டும் அல்ல. ஃபீனிக்ஸ் நகராட்சி விதிப்படி, ஏசி உள்ள வாடகை வீட்டை 82 டிகிரி, அதாவது 28 செல்சியஸுக்கு மேல் சூடாகாமல் வைத்திருக்கும் திறன் இருக்கும்படி பார்த்துக்கொள்வது உரிமையாளர் கடமை. அன்றைக்கு இரவும் நான் தூங்கினேன்.

மறுபக்கமும் இருக்கிறது. வாடகை வருடா வருடம் ஏறுகிறது, அதன்மேல் எனக்கு எந்தப் பிடியும் இல்லை. 2019இல் வாங்கி 2024இல் விற்றதால் விலை ஏற்றத்தின் லாபம் எங்களுக்கு வாய்த்தது. உச்சத்தில் வாங்கியவர்களுக்கு எங்கள் கணக்கு செல்லாது. புது யூனிட் வீணும் இல்லை. வீடு பார்க்க வந்தவர்களில் மூன்று பேர் சமையலறையைப் பார்க்கும் முன்பே யூனிட் எந்த வருடத்தது என்று கேட்டார்கள்.

கார் விஷயத்தில் ஃபிளாட் சுலபமாக ஜெயிக்கிறது. இப்போது எங்கள் ஃபிளாட் பக்கம் ஓடும் லைட் ரயில், அதாவது நகர மின்ரயில், சாண்ட்லருக்குக் கிடையாது. மூன்று பேருக்கு இரண்டு கார் வைத்தும் போதாமல் திண்டாடினோம். வெயிலில் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் செத்துப்போகும், அது தனிச் செலவு. இப்போது ஒரே கார். மகள் டெம்பியில் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கு ரயிலில் அரைமணி சொச்சத்தில் போய்விடுகிறாள். மனைவிக்கு டவுன்டவுனில் வேலை, மூன்று நிறுத்தம். விமான நிலையத்துக்கும் ரயிலில் போய், 44ஆவது தெருவில் இறங்கினால் கட்டணமில்லாத ஸ்கை ட்ரெயின் கொண்டுபோய் விடும். ஆனால் ஜூலை மாலையில் நிறுத்தத்தில் பத்து நிமிடம் நிற்பது விளையாட்டல்ல. 2023இல் ஃபீனிக்ஸ் அடங்கிய மாரிகோப்பா கவுன்ட்டியில் (நம் மாவட்டம் மாதிரி) வெயிலால் இறந்தவர்கள் 645 பேர். அவர்களில் நிறையப் பேர் வீடில்லாதவர்கள். சாண்ட்லரில் இருந்தவரை அது எனக்குச் செய்தி. இங்கே நிழல் தேடி நிறுத்தத்தில் படுத்திருப்பவரைத் தாண்டித்தான் ரயில் ஏறுகிறேன். அது பழகிவிடும் என்று சிலர் சொன்னார்கள், எனக்குப் பழகவில்லை.

ஊரிலிருந்து வரும் பெரியவர்களுக்கு எது சரி? மாமனார் இரண்டு இடத்திலும் இருந்து பார்த்துவிட்டார். சாண்ட்லரில் விடியற்காலை ஐந்து மணிக்கு நடை; வழியில் ஆள் அரவமே இருக்காது, கராஜ் கதவுகள் திறக்கும், கார் போகும், கதவு மூடும். அதற்கப்புறம் நாங்கள் வரும்வரை டிவி. இங்கே அவரே பர்ட்டன் பார் நூலகத்துக்குப் போகிறார், மத்தியானம் முழுக்கக் குளிர்ச்சியாக உட்கார்ந்து படம் போட்ட புத்தகங்கள் பார்க்கிறார். ஓட்டுநர் இல்லாத வேமோ டாக்ஸியில் ஏற்றிவிட்டோம். இறங்கியதும் அவர் கேட்டது: "மாப்ள, இப்ப யாருக்குங்க தேங்க்ஸ் சொல்றது?" ஆனால் கோயில் என்று வந்தால் அவருக்குச் சாண்ட்லர்தான் உசத்தி. மாரிகோப்பா ஊரில் உள்ள மகாகணபதி கோயிலுக்கு அங்கிருந்து அரைமணி, இங்கிருந்து கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். மளிகைக்கும் அந்தப் பக்கம்தான் போகிறோம். இரண்டு இடத்துக்கும் பொதுவான சௌகரியம் ஒன்று: அரிசோனா கோடையில் கடிகாரத்தைத் திருப்புவதில்லை. இந்தியாவோடு எப்போதும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். அம்மாவுக்குக் கணக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் நானும் சாண்ட்லர், கில்பர்ட் என்றே சொல்வேன். என் மகள் பள்ளிப் படிப்பை அங்கேயே முடித்துவிட்டாள். நகருக்குள் ஒரு குழந்தையைப் பள்ளியில் சேர்த்த அனுபவம் எனக்கில்லை, அதனால் அதற்கு மேல் பேசமாட்டேன். மலையேறுகிறவர்களுக்கு எங்கிருந்தாலும் ஒன்றுதான். சவுத் மவுன்டன் பூங்கா 16,000 ஏக்கருக்கு மேல், அக்டோபர் முதல் ஏப்ரல் வரை சொர்க்கம். கோடையில் வெப்ப எச்சரிக்கை நாட்களில் கேமல்பேக் மலைப் பாதையைக் காலையிலேயே மூடி மாலை 5 மணிக்குத்தான் திறப்பார்கள். ஓய்வு பெற்றவர்களுக்கென்றே 1960இல் திறந்த சன் சிட்டி இருக்கிறது. தெருவில் கோல்ஃப் வண்டிகள் ஓடும். வேடிக்கை பார்த்ததோடு சரி, வசித்ததில்லை.

மலிவாக இருக்கிறதே என்று இன்னும் வெளியே, பாலைவனத்தை ஒட்டிப் புது வீடு பார்க்கிறவர்கள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். நிலத்தடி நீரை மட்டும் நம்பும் புதுக் குடியிருப்புகளுக்கு இந்தப் பகுதியில் இனி ஒப்புதல் இல்லை என்று 2023 ஜூனில் மாநில அரசு அறிவித்தது.

அரிசோனாவின் இன்னொரு நகரமான டூசானுக்குப் போய்விடலாமே என்றும் சிலர் கேட்கிறார்கள். அது சுமார் 2,400 அடி உயரத்தில் இருக்கிறது, ஃபீனிக்ஸ் 1,100 அடி. கோடையில் சில டிகிரி குறைவு. ஒரு மணி நேரம் ஏறினால் 9,000 அடிக்கு மேல் லெமன் மலை, பைன் மரக் காற்று. வார இறுதிகளில் போய்த் தங்கியிருக்கிறேன், பிடித்திருக்கிறது. எங்கள் துறையில் வேலை அங்கே குறைவு என்பதால் பேச்சு அதோடு நின்றது.

கில்பர்ட் மச்சினன் மட்டும் இன்னும் என்னோடு வாதாடுகிறான். தோட்டம், நீச்சல் குளம், பிள்ளைகளுக்கு ஓட இடம், அவன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. போன மாதம் அவன் வீட்டுக்குப் போனபோது ஏணி வைத்துக் கூரைக்கு ஏறி யூனிட்டின் தகட்டைப் பார்த்தேன். 2011 என்று இருந்தது. கீழே வந்து சொன்னேன், சிரித்தான். நேற்று போன் செய்து, மே மாதத்துக்குள் மாற்ற யார் என்ன விலை சொல்வார்கள் என்று கேட்டான்.